எட்டுக் கிரகமும் அக்காவின் நெல்லும்

பெப்ரவரி நாலாம் திகதி வந்தால் நாடு முழுக்கக் கொடி ஏற்றுவார்கள். பள்ளிக்கூடங்களில் இனிப்புக் கொடுப்பார்கள். அரசாங்கக் கச்சேரி முற்றத்தில் பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் வியர்ப்பார்கள். நானோ அன்று விடிந்ததிலிருந்தே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைக்காரன் நாட்டைத் தந்துவிட்டுப் போன அதே திகதியில்தான், பதினாலு ஆண்டுகள் கழித்து, அறுபத்திரண்டில், உலகம் அழிவதாக இருந்தது. விடுதலைக்கும் அழிவுக்கும் வேறு வேறு நாள் பார்த்து வைத்திருக்கலாம். என்னைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

இளையவர்களுக்கு இது தெரியாது, சொல்கிறேன். அந்த ஆண்டு தை மாதக் கடைசியில் எட்டுக் கிரகங்களும் மகர ராசியில் ஒன்றுகூடும் என்று பஞ்சாங்கக்காரர்கள் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்த பத்திரிகைகள் அதைப் படம் போட்டு விளக்கின. கடல் பொங்கும், மலை வெடிக்கும், அணைகள் உடையும் என்று ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். சனிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை வரை ஆபத்து, நடுவிலிருந்த ஞாயிறு மிகப் பெரிய ஆபத்து. அந்த ஞாயிறுதான் நாலாம் திகதி. போதாததற்குக் கொழும்பில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று ஒரு கிழமைக்கு முன்னர்தான் செய்தி வந்திருந்தது. உலகம் போய்ச்சேரச் சாமான் எல்லாம் ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்று எனக்குத் தோன்றியது.

மட்டக்களப்பில் கோயில்கள் எல்லாவற்றிலும் ஓமப் புகை. வளர்த்த கோழியை விட்டுவிட்டுச் சாக யாருக்கும் மனமில்லை. ஆகவே அந்தக் கிழமை ஊரில் விடியற்காலைச் சேவல் சத்தம் வெகுவாகக் குறைந்தது.

நான் அப்போது ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். மீசை முழுதாக வந்துவிட்டது, தைரியம் வந்து சேரவில்லை. ஆனால் தேத்தண்ணிக் கடையில் என்னைப் போல் கிரகங்களைக் கேலி செய்தவன் ஒருவனும் இல்லை. “எட்டுப் பேரும் ஒரே வீட்டுக்க கூடினா கலியாணமா இரிக்கும், பந்திக்கு இடம் பிடியுங்க” என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கழுத்துக் கயிற்றைத் தடவிப் பார்ப்பேன். அந்தக் கயிற்றில் கோயிலில் கட்டிய தாயத்து ஒன்று, கத்தோலிக்க நண்பன் ஒருவன் தந்த மாதா பதக்கம் ஒன்று, காத்தான்குடியில் ஓதி வாங்கிய தகடு ஒன்று. யார் பக்கம் சரியென்று கடைசி நேரத்தில்தான் தெரியவரும். அதுவரை ஒருவரையும் பகைத்துக்கொள்ள நான் தயாரில்லை.

என் திட்டம் எளிமையானது. ஞாயிறு முழுவதும் போர்வைக்குள் கிடப்பது. அந்தத் திட்டத்தை அக்கா வந்து உடைத்தாள்.

அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் வாவிக்கு மேற்கே, உன்னிச்சைக்குப் போகிற வழியில், ஒரு சின்னக் குளத்தின் கீழ் இருந்தது. அந்த வயல் வட்டையில் மாரிப்போகம் நன்றாக விளைந்து, வெட்டும் நடந்துவிட்டது. கதிரைக் களவெட்டியில் போட்டு, எருமை விட்டுச் சூடு மிதித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. அத்தான் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். அதற்கு முந்திய போகம் தண்ணீரில்லாமல் பாழ். வீட்டில் அரிசிப் பெட்டி துடைத்த மாதிரிக் கிடந்தது. பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். வெட்டிய கதிர் வயலில் கிடக்க, கூலியாட்கள் கிரகத்துக்குப் பயந்து வீட்டில் கிடந்தார்கள்.

“களவெட்டிக்குள்ள பொம்புள கால் வைக்கேலாது” என்றாள் அக்கா. “அவருக்குக் கால் வைக்கேலாது. உனக்கு ரெண்டு காலும் இரிக்கு. போறயா, இல்லையா?”

“அண்டைக்குத்தானே அக்கா…”

“அண்டைக்கு என்ன?”

“ஒண்டுமில்ல. ஞாயிற்றுக்கிழமை.”

“ஞாயிற்றுக்கிழமை நெல்லு நனையாதோ?”

கட்டிலில் கிடந்த அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உலகம் அழிஞ்சா நெல்லை ஆர் தின்னுறது எண்டு கேக்கிறான் உன்ட தம்பி.”

“அழியாட்டி என்னத்தைத் தின்னுறது எண்டு அவனைக் கேளுங்க” என்றாள் அக்கா.

சனிக்கிழமை சைக்கிளைத் தோணியில் ஏற்றி வாவியைக் கடந்தேன். தோணிக்காரர் வழக்கமாக ஓயாமல் கதைக்கிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. வாவியும் சத்தம் போடவில்லை. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

வயலுக்குப் போனால் அங்கே நாலைந்து பேர்தான். தலைமை, முல்லைக்காரர். வயல் வேலை முழுவதற்கும் பொறுப்பு அவர். களத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். உறவு முறையில் எனக்கு மாமா. எருமைகளோடு ஏறாவூரிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கதிர் சுமக்க இரண்டு மூன்று ஆட்கள். மேட்டுக் காணியில் களவெட்டி. அதன் நடுவில் ஒரு சூடு, அதாவது அடுக்கிய கதிர்க் குவியல். ஆனால் அது பாதி விளைச்சல்தான். மற்றப் பாதி இன்னும் பள்ளக் காணியில், வாய்க்காலை ஒட்டி, வெட்டிப்போட்ட உப்பட்டியாகவே, கதிர்ப் பிடிகளாக, கிடந்தது. சுமக்க ஆள் போதவில்லை.

வழக்கமாக இரவில்தான் எருமை விட்டு மிதிப்பார்கள். இந்த முறை இரவில் நிற்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஞாயிறு காலையில் தொடங்கி, பொழுது படுவதற்குள் முடித்துக்கொண்டு போவதென்று பேச்சு.

ஞாயிறு காலை தண்ணீர் கொண்டுவரப் போனபோது அங்கேயிருந்த சின்னப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவில்லை. வாத்தியார் தனியாகக் கொடியை ஏற்றினார். ஏற்றிவிட்டு அதற்கு அவரே மரியாதை செலுத்தினார். பிறகு வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேகமாக உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். படித்தவரே பூட்டிக்கொள்கிறார் என்றதும் குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு களத்துக்குத் திரும்பினேன்.

களத்துக்கு வெளியே, மருதமரத்தின் கீழ், காக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் மெல்லப் போய்க் குந்தினேன்.

“காக்கா, உங்களுக்குப் பயமில்லையா?”

“என்னத்துக்கு?”

“இண்டைக்கு உலகம்…”

“கியாமத்து நாள் வெள்ளிக்கிழமையிலதான் வரும் தம்பி. இண்டைக்கு ஞாயிறு. தேத்தண்ணியைக் குடிங்க.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு தெளிவான திகதிக் கணக்கை ஒரு பஞ்சாங்கக்காரனும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு வாய் குடித்த பிறகுதான் அடுத்த யோசனை வந்தது.

“அப்ப வாற வெள்ளி?”

“அது அல்லாட கையில” என்றார். “எனக்கு அவசரம் வேற. நாளையிண்டைக்குத் தலைப்பிறை. நோன்போட எருமைக்குப் பின்னால சுத்தேலாது. எழும்புங்க.”

எருமைகள் சூட்டில் ஏறின. இனிக் களத்தின் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. செருப்புக் கூடாது, குடை கூடாது. எல்லாவற்றிலும் பெரியது வாய்க் கட்டுப்பாடு. களத்துக்குள் நின்றுகொண்டு ‘இல்லை’, ‘குறைந்தது’, ‘முடிந்தது’ என்ற சொற்களைச் சொல்லவே கூடாது. எதைச் சொன்னாலும் பொலிந்தது, பெருகியது என்றுதான் சொல்ல வேண்டும். காவல் நிற்கிற பூதம் கேட்டுக்கொண்டிருக்குமாம். முடிந்தது என்று காதில் விழுந்தால் நெல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எருமை ஏறிப் பொலி தொடங்கின களத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். உலகம் முடியப் போகிற நாளில், ‘முடியும்’ என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாத ஓர் இடத்தில், ஒரு குளத்துக்குக் கீழே என்னைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பயத்தை ஒருவரிடம் சொல்லி ஆறவும் வழியில்லை. ஒரு தரம் முயன்றேன்.

“மாமா, பொழுது படுறதுக்குள்ள எல்லாம் மு…”

முல்லைக்காரர் திரும்பிப் பார்த்தார். மிச்சத்தை நான் விழுங்கிவிட்டேன்.

எனக்குக் கிரகங்களைவிட அந்தக் குளத்தில்தான் பயம் அதிகம். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் ஏறிக் கிடந்தவன் நான். குளக்கட்டு உடைந்தால் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரி முடிந்து குளம் நிறைந்து நின்ற நேரம் அது. சைக்கிளை ஊர்ப் பக்கம் முகம் பார்க்க மரத்தில் சாத்தி வைத்திருந்தேன். காற்றடித்தால் காது கொடுத்துக் கேட்பேன். எருமை மூச்சு விட்டாலும் கேட்பேன். கேட்டுக் கேட்டு, என் நெஞ்சு அடிக்கிற சத்தத்துக்கே இரண்டு முறை எழும்பி நின்றேன்.

மத்தியானம் திரும்பியது. வைக்கோலை உதறி ஒதுக்கினார்கள், அடியில் நெல் தெரிந்தது. அந்த மஞ்சளைக் கண்டதும் கொஞ்சம் பயம் விட்டது. அக்காவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பள்ளக் காணியில் கிடக்கிற மற்றப் பாதியையும் கொண்டுவந்துவிட்டால் அடுத்த போகம் வரை அந்த வீட்டில் சோறு. அந்த நல்ல எண்ணத்தோடு பள்ளப் பக்கம் நடந்து போனேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வெட்டு நடக்கிற காலத்தில் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். காலையில் அதன் அடித்தரையில் நான் நடந்து போயிருந்தேன். இப்போது சருகுகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மண்ணிறத்தில், சத்தமில்லாமல், தண்ணீர். நான் பார்த்துக்கொண்டு நிற்கவே அது ஒரு விரல் ஏறியது. வயல் தண்ணீரை வடிக்க வரம்பை வெட்டிவிட்டிருந்த இடத்தால் உள்ளே புகுந்து, முதல் உப்பட்டியின் கதிரை நனைத்தது.

அடுத்து நான் செய்ததை என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. களவெட்டிக்கு ஓடினேன். செருப்போடு. நட்ட நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தலையில் வைத்து, “முடிஞ்சுது, கட்டு உடைஞ்சிட்டு, எல்லாம் முடிஞ்சுது” என்று கத்தினேன். கத்திவிட்டு மருதமரத்தில் ஏறினேன். யானை பார்க்கப் போட்டிருந்த பரண் அதிலிருந்தது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. பிறகு ஒரு தரம் ஆறுதலாக முயன்றபோது முடியவில்லை.

கீழே எருமைகள் நின்றுவிட்டன. கதிர் சுமக்கிற ஆட்கள் ஓட வேண்டுமா என்று முல்லைக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாய்க்கால் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தார். தண்ணீர் வந்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் வாய்தான் பெரிதாகத் தெரிந்தது.

“இறங்கு மருமகன்.”

“கட்டு உடைஞ்சிட்டு மாமா.”

“உடைஞ்சா இப்பிடி வராது. ஆரோ குளத்துத் துருசைத் திறந்திரிக்கான்.” அவர் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல. “ஓடிக்கிட்டிரிக்கிற களத்துக்க நிண்டு என்ன சொல்லைச் சொல்லிப்போட்ட நீ. இனி இதுக்குள்ள உன்ட கால் படப்படாது. நான் களத்தை விட்டு அங்கால போகேலாது. காக்கா எருமையை விட்டுப் போகேலாது. இவங்க உப்பட்டியைத் தூக்க வேணும். வெளிய நிக்கிறவன் நீ ஒருத்தன்தான். சைக்கிளும் உன்ட. போய்த் துருசைப் பூட்டு.”

“நான் டவுனுக்குப் போய் ஆள் கூட்டிவாறன் மாமா.”

காக்கா எருமை முதுகில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். “தம்பி, டவுன் அங்கால. குளம் இஞ்சால. சைக்கிளைத் திருப்புங்க.”

வாய்க்கால் கரையால்தான் வழி. தண்ணீர் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது, நான் அதன் எதிரே போய்க்கொண்டிருந்தேன். துருசு, அதாவது குளத்தின் மதகுதான் திறந்திருக்கிறது என்று முல்லைக்காரர் சொன்னார். சரி. அவர் சொன்னது பிழையாக இருந்தால்? ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பக்கத்தில் பனை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று நினைத்தேன். வளைந்து பார்த்தால் இல்லை. அடுத்த வளைவில் நிற்கும். தேவாரம் சொல்லிப் பார்த்தேன், முதல் வரிக்குப் பிறகு வரவில்லை. ஏழாம் வாய்ப்பாடுதான் தடையில்லாமல் வந்தது. அதையே சொல்லிக்கொண்டு மிதித்தேன். சங்கிலி கழன்றது. மாட்டுகிறேன், மறுபடி கழல்கிறது. பக்கத்தில் ஒரு கொக்கு வாய்க்கால் கரையில் நின்று ஆறுதலாக மீன் பொறுக்கியது. கொக்கே நிற்கிறதே என்று தைரியம் கொள்ளலாம். அதற்கு இறக்கை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

திரும்பிப் போயிருக்கலாம். உண்மையாகவே சைக்கிளைத் திருப்பினேன். திருப்பியதும் தூரத்தில் பள்ளக் காணி தெரிந்தது. தலையில் உப்பட்டியோடு அந்த ஆட்கள் மேட்டுக்கு ஓடுகிறார்கள், வெறும் தலையோடு திரும்பி ஓடுகிறார்கள். அவர்கள் தூக்குவதைவிடத் தண்ணீர் வேகம். வீட்டுக்குப் போய் அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கட்டு உடைந்து செத்துவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அது கொஞ்சம் வசதியாகப் பட்டது. மறுபடி குளத்துப் பக்கம் திருப்பினேன்.

குளக்கட்டு அப்படியே இருந்தது. அதன் மேல் ஊரே இருந்தது, அந்தப் பக்கத்தில் மிக உயரமான இடம் அதுதான். பாய், தலையணை, பானை சட்டி, ஆடு, கைக்குழந்தை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் பொங்கல் கொதித்தது, ஒரு பக்கம் பறை அடித்தது. துருசின் அருகே வட்டை விதானை நின்றார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் அவர்தான்.

“ஆர் துருசைத் திறந்த?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நான்தான் திறந்த. இண்டைக்குக் கட்டு உடையுமெண்டு சொல்லுறாங்க. கொஞ்சத் தண்ணியை முன்னுக்கே விட்டா, கட்டுக்குப் பாரம் குறையும்.”

இதில் என் சங்கடம் என்னவென்றால், அவர் சொன்னது எனக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. என் கையில் விட்டிருந்தால் முதல்நாளே திறந்திருப்பேன். ஊரில் என்னளவு பயந்த மனிதர் ஒருவரை அன்றுதான் சந்தித்தேன், கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் வாதாட வந்த வழக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

“பள்ளக் காணியில எங்கட அக்காட நெல்லுக் கிடக்கு விதானையார். நனையுது.”

“உசிரோட இரிந்தாத்தானே மனே நெல்லு.”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், பழக்கதோசம். பறை இன்னும் வேகமாக அடித்தது. வேறென்ன சொல்வதென்று தெரியாமல், நடந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

“முல்லைக்காரர்தான் அனுப்பின. களத்தை விட்டு அவர் வரேலாதாம். எருமை ஏறிட்டு.”

விதானை என்னைப் பார்த்தார். “எந்தக் களத்தை விட்டு?”

“எங்கட களத்தை.”

“இண்டைக்கா? இண்டைக்குப் பொலி நடக்குதா?”

“காலையில தொடங்கின.”

பறை நின்றது. ஒரு கிழவர் எழும்பி, “டேய், பொலிக்களத்துக்கா தண்ணி விட்ட?” என்று விதானையைக் கேட்டார். அந்த நாளில் எவனும் களம் நடத்துவான் என்று அந்த ஊர் நினைத்திருக்கவில்லை. எட்டுக் கிரகமும் தூரத்தில் இருந்தன. ஓடுகிற களத்தில் தண்ணீர் விட்டவனைத் தேடி வருகிற பூதம் பக்கத்து வட்டையில் இருந்தது. விதானையின் முகத்தில் கணக்கு நடப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

“பூட்டுவம்” என்றார். நாலு பேர் சேர்ந்து துருசை இறக்கினார்கள். வாய்க்கால் பக்கம் இரைச்சல் அடங்கியது. நான் சைக்கிளை எடுத்தேன். விதானை கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க போற? உன்ட சொல்லுக்குப் பூட்டின. பொழுது படுமட்டும் நீயும் இதில இரி. உடைஞ்சா எல்லாரும் சேந்து போவம்.”

அப்படித்தான் மட்டக்களப்புக் கந்தோர்களிலேயே மிகப் பெரிய பயந்தாங்கொள்ளி, உலகம் அழிய வேண்டிய நாளின் பின்னேரத்தை, நிறைந்த குளத்தின் கட்டில், பூட்டிய துருசின் மேல் உட்கார்ந்து கழிக்க வேண்டி வந்தது. யாரோ இலையில் பொங்கல் தந்தார்கள். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அலை வந்து கல்லில் தட்டும்போதெல்லாம் கண்ணை மூடினேன். விதானையும் மூடினார். இடையில் இருவரும் ஒரே நேரத்தில் திறந்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டால், வேறு பக்கம் பார்ப்போம். சூரியன் குளத்தில் இறங்கிச் சிவந்தது. அதைப்போலச் சிவப்பை அதற்கு முன் கண்டதில்லை என்று ஒரு பெண் அழத் தொடங்கினாள். பிறகு அது வழக்கம்போல் மறைந்தது. ஆடு ஒன்று கத்தியது. ஒருவர் பாயைச் சுருட்டினார், அதைப் பார்த்து இன்னொருவர் சுருட்டினார்.

களத்துக்கு வந்தபோது முல்லைக்காரர் என்னை உள்ளே விடவில்லை. வெளியே நின்றபடியே, “பொலிஞ்சுதா மாமா?” என்று கேட்டேன். “பொலிஞ்சிட்டு” என்றார். சூட்டிலிருந்தது முழுவதும் நெல்லாகிவிட்டது. பள்ளத்தில் கிடந்ததில் ஒரு பகுதியைத் தூக்கிவிட்டார்கள். மற்றது நனைந்துவிட்டது.

நனைந்ததையும் விடாமல் மறுநாள் மிதித்து, இரண்டு நாள் கழித்து வண்டியில் ஏற்றி, அக்காவிடம் கொண்டுபோனோம். அவள் கிரகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாக்கை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். சிலது முளை விட்டிருந்தது.

“எவ்வளவு நனைஞ்சிது?”

“தூக்கினது போக மிச்சம்.”

“நீ எங்க நிண்ட?”

“குளக்கட்டில.”

நம்பாமல் என்னைப் பார்த்தாள். அத்தானும் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவள் முற்றத்தில் பாய்களை விரித்து, முளைத்ததை ஒரு பக்கம், முளைக்காததை ஒரு பக்கம் என்று பரப்பத் தொடங்கினாள். நானும் குந்தியிருந்து பரப்பினேன்.

நல்ல நெல்லை மழைக்காலத்துக்கு ஒதுக்கிவிட்டு, நனைந்ததைத்தான் முதலில் அவித்துக் குத்தினாள். அதில் ஆக்கிய சோறு வாய்க்கால் சேறு மணத்தது. பிள்ளைகள் முதல் நாள் மூக்கைப் பிடித்தார்கள், இரண்டாம் நாள் பிடிக்கவில்லை. அந்தச் சோறு அந்த வீட்டில் சித்திரைக்கு அப்பாலும் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்காருவேன்.

“மணக்குதா?” என்று கேட்பாள் அக்கா, கரண்டியைப் பிடித்தபடி.

“மணக்குது. இன்னும் கொஞ்சம் போடு.”